எட்டு மூளைக்கு எத்தனை மேஸ்திரி?

கையில் இலிஷ் மீனோடு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றால், கொல்கத்தாவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வந்தவருக்கு உங்களால் ஏதோ பெரிய காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

அதுவும் மழைக்கால இலிஷ். முழங்கை நீளம். வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

போன மாதம் அப்படி வந்து நின்றவர் தாஸ்பாபு. என் மருமகள் சுதேஷ்ணா ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்கு மேலதிகாரி இவர்.

நான் வழக்கம்போல அடுக்களைக்குள் போய்விட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே... வாரா வாரம் இந்தப் பக்கத்தை எழுதி நிரப்பிவிடுகிறேன். நேரில் ஒருவர் வந்து "சௌக்கியமா?" என்றால் தலையை மட்டும்தான் ஆட்டுவேன். வெளி ஆட்கள் வந்தால் அடுக்களைதான் எனக்குச் சௌகரியம்.

ஆனால் தாஸ்பாபு சுதேஷ்ணாவைத் தேடி வரவில்லை.

"மாஷிமா எங்கே? மாஷிமாவோடதான் பேசணும்" என்றார்.

மாஷிமா என்றால் பெரியம்மா மாதிரி; நான்தான் அது. அவருக்கு என்னிடம் என்ன பேச்சு? சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா?

கார்டன் ரீச்சில், கங்கையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, இங்கேயே இருந்து, இங்கேயே போய்விட்டார். மகன் கப்பலில் இஞ்சினியர். வருஷத்தில் பாதி நாள் கடலில். ஆக, வீட்டில் நானும் சுதேஷ்ணாவும்தான்.

அவள் வங்காளிப் பெண். தமிழ் என்னிடம் கற்றுக்கொண்டது. அதனால் திருநெல்வேலித் தமிழ்தான் வரும். ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது, "உங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கமா?" என்று ஒருவர் அவளைக் கேட்டாராம். "இல்ல, பர்தமான் பக்கம்" என்றாளாம். அவர் அது எந்தத் தாலுகா என்று யோசித்துக்கொண்டே போனாராம்.

அவள் வேலை என்ன தெரியுமா? ஆற்றில் 'பான்' எப்போது வரும் என்று கணக்குப் போடுவது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, முக்கியமாக மழைக்காலத்தில், கடலிலிருந்து தண்ணீர் ஒரு சுவர் மாதிரி எழுந்து ஆற்றுக்குள் ஏறி வரும். அதுதான் பான். ஆறு தலைகீழாக ஓடுவது போல இருக்கும். கரையில் கட்டிக் கிடக்கிற படகை எடுத்துப் படித்துறையில் அடித்து நொறுக்கிவிடும். அதனால் படகுக்காரர்கள் முன்கூட்டியே படகை நட்டாற்றுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். துணி துவைக்கிற பெண்களும் குளிக்கிற ஆட்களும் மேலே ஏறிவிட வேண்டும். எத்தனை மணிக்கு, எந்தப் படி வரைக்கும் என்று தெரிந்தால் நல்லதுதானே? அதைச் சொல்லத்தான் அந்தக் கணக்கு.

பெரிய கணக்கு. ஒரு மூளை போட்டால் முடிகிற காரியம் இல்லை. அவர்கள் வைத்திருக்கிற மெஷினுக்கு எட்டு மூளை.

ஒரு நாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே சொன்னாள். "அத்தே, எட்டு ஆள் இருக்காங்க. வேலையப் பிரிச்சுக் குடுக்கணும். 'நீ இதச் செய்யி, நீ அதச் செய்யி, முடிஞ்சவன் மத்தவனுக்குக் காத்திரு'ன்னு சொல்லணும். யாரு சொல்லுவா?"

"மேஸ்திரி."

"அந்த மேஸ்திரிக்குப் பேருதான் லைப்ரரி. ரன்-டைம் லைப்ரரி. புரோகிராம் ஓடும்போது கூடவே நின்னு வேலை வாங்கும்."

"மேஸ்திரி எதுக்கு லைப்ரரிக்குப் போறாரு? கட்டடத்துலல்லா நிக்கணும்?" என்றேன்.

சிரித்துச் சிரித்து டீயைத் துப்பட்டாவில் கொட்டிக்கொண்டாள்.

பிரச்சினை எங்கே வந்தது என்றால்... கணக்கில் இரண்டு பாதி. ஆற்றுப் பாதியை எழுதியது சுதேஷ்ணா. கடல் பாதி வேறொரு ஊர் ஆபீசிலிருந்து வந்தது. அதுவும் எப்படி வந்தது? அரைத்த பொடியாக வந்தது. மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியுமா? முடியாது. கம்பைலர் என்கிற மாவு மிஷினில் போட்டு அரைத்துவிட்டால் அப்புறம் அது மெஷினுக்கு மட்டும்தான் புரியுமாம்.

சுதேஷ்ணாவின் பாதியை அரைத்தது விலை கொடுத்து வாங்கிய கம்பைலர். கடல் பாதியை அரைத்தது சும்மா கிடைக்கிற கம்பைலர். இரண்டும் அவரவர் மேஸ்திரியைத்தான் எதிர்பார்க்கும்.

இரண்டு பாதியையும் சேர்த்து ஒன்றாகக் கட்டினார்கள். 'லிங்க்' பண்ணுவது என்பார்கள். கட்டி ஓட்டினால், இரண்டு மேஸ்திரியும் உள்ளே வந்து நின்றார்கள். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. அவரும் எட்டு ஆளைக் கூப்பிடுகிறார், இவரும் எட்டு ஆளைக் கூப்பிடுகிறார். இருப்பதோ எட்டே மூளை! வேலை நடக்குமா? சில நாள் ஊர்ந்தது. சில நாள் அப்படியே நின்றுவிட்டது. பான் வந்து போன பிறகு 'பான் வரப்போகிறது' என்று சொல்லுகிற கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த வருஷம் அந்த விலைக் கம்பைலர்காரர்கள் புதிதாக ஒரு லைப்ரரி கொடுத்தார்கள். இரண்டு கம்பைலர் அரைத்ததையும் இந்த ஒரே மேஸ்திரி மேய்த்துவிடுவார். கடைசியில் சேர்த்துக் கட்டும்போது 'எனக்குப் பழையவர் வேண்டாம், புதியவர் வேண்டும்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

ஒரே நிபந்தனை. புதியவர் வந்தால் பழையவர் ஒரு மூலையில்கூட இருக்கக்கூடாது.

சுதேஷ்ணா அந்த வார்த்தையைச் சேர்த்தாள். ஓட்டினாள். ஓடவில்லை. 'இங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் நிறுத்திக்கொள்கிறேன்' என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிட்டது.

யார் அந்த ஒருவர்? விடையைக் கோப்பில் எழுதி வைப்பதற்கு ஒரு சின்னப் புரோகிராம் துண்டு இருந்தது. தாஸ்பாபு பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதியது. அது எப்போதோ பழைய மேஸ்திரியோடு சேர்த்துக் கட்டப்பட்டது. எங்கே போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டே வரும்.

அப்போது கூட வேலை பார்க்கிற ஒருவர், அந்த அறிவிப்பின் கீழேயே ஒரு வழி எழுதியிருப்பதைப் பார்த்தார். 'பரவாயில்லை, இரண்டு பேரும் இருங்கள்' என்று மெஷினுக்கு ஒரு வரி சொல்லிவிட்டால் நிற்காமல் ஓடும். சொன்னார்கள். ஓடியது. குதிரை மாதிரி ஓடியது! தாஸ்பாபு ஆபீஸ் முழுக்க சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒரு டப்பா வந்தது. அந்த வேகத்திலேயே விடையைக் கமிட்டிக்கும் அனுப்பிவிட்டார்.

கமிட்டி என்றேன் இல்லையா... அதுதான் எங்கள் வீட்டுக்குத் தலைக்கு மேல் தொங்கிய கத்தி. அடுத்த புதன்கிழமை கமிட்டி வந்து பார்க்கும். திருப்தி என்றால் இந்த வேலை தொடரும், சுதேஷ்ணாவின் கான்ட்ராக்டும் தொடரும். இல்லையென்றால் வேலை வேறு ஊர்க் கம்பெனிக்குப் போய்விடும். பெங்களூரிலிருந்து அவளுக்கு ஏற்கெனவே போன் வந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு முத்துலெட்சுமிக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரியுமோ. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஆரம்பித்துவிட்டாள். "ஒம் மருமக பெங்களூரு போறாளாம்லா? நீயும் போயி அங்க ராகிக் களி கிண்டு."

"அவ போகமாட்டா."

"ஆமா. ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவா."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மனசை விட்டுப் போகவில்லை அந்தப் பேச்சு. இந்த வயதில் கார்டன் ரீச்சை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? அவள் இல்லாமல் இந்த வீட்டில்தான் என்ன செய்வேன்?

சந்தேஷ் வந்து இரண்டு நாள் இருக்கும். சுதேஷ்ணா ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி?"

"ஒரே கணக்க ரெண்டு தரம் ஓட்டுனேன் அத்தே. ஒண்ணையும் மாத்தல. ரெண்டு விடை வருது."

"எம்புட்டு வித்தியாசம்?"

"நம்ம படித்துறைல ஒரு சாண்."

ஒரு சாண்தானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தேன். படித்துறையில் ஒரு சாண் என்றால் ஒரு படி. குழந்தையை உட்கார வைத்துவிட்டுத் துணி அலசுகிறவளுக்கு ஒரு படி என்பது என்ன?

"அந்த 'பரவாயில்லை' வரி இருக்குல்லா அத்தே... அதுக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கு. 'சொல்லாமக் கொள்ளாமத் தப்பான விடை வரலாம்'னு. நாங்க மேல் வரிய மட்டும் படிச்சோம்."

தாஸ்பாபுவுக்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கே கேட்டது. "ஆரே சுதேஷ்ணா, ஒரு சாண் கூடிச்சா குறைஞ்சிச்சான்னு கங்கைக்கே தெரியாது!"

"அப்ப நாம எதுக்கு ஸார் கணக்குப் போடறோம்?" என்றாள் இவள்.

தாஸ்பாபுவின் துண்டைத் தூக்கிவிட்டு, புதிதாக எழுதி, எல்லாவற்றையும் அந்த ஒரே புது லைப்ரரியோடு மறுபடி கட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. கமிட்டி வருகிற நேரத்தில் ஓடுகிற வண்டியைப் பிரித்துப் போடாதே என்பது அவர் கட்சி. பேச்சு முற்றி, அவள் போனை அணைத்து வைத்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன்? சனிக்கிழமை காளிகாட்டுக்குப் போனேன். கூட்டத்தில் இடிபட்டு, செம்பருத்தி மாலை சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன். 'தாயே, அந்தப் பரவாயில்லை வரி புதன்கிழமை வரைக்கும் இருக்கட்டும்.' காளியிடம் இதுவரை யாரும் இப்படியொரு வேண்டுதல் வைத்திருக்கமாட்டார்கள்.

மறுநாள்தான் இலிஷோடு தாஸ்பாபு.

கூடத்தில் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்தார். மீன் அடுக்களைக்கு வந்துவிட்டது. நானும் மீனும் உள்ளே. கதவோரமாக நான் மட்டும் கொஞ்சம் வெளியே. சுதேஷ்ணா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் வங்காளியில். நான் தமிழில் தருகிறேன்.

"மாஷிமா, உங்க மருமக உங்க பேச்சைத் தட்டமாட்டா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. புதன்கிழமை வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும். அப்புறம் சாவகாசமா எல்லாத்தையும் மாத்திக்கலாம். நான் என்ன இவளுக்கு எதிரியா? இவ வேலை நிலைக்கணும்னுதான் நான் அலையறேன்."

பொய் சொல்லவில்லை அவர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சுதேஷ்ணா தலை நிமிரவில்லை. "புதன்கிழமைக்கு அப்புறம் யாரும் மாத்தமாட்டாங்க ஸார். 'ஓடுதுல்ல, விடு'ன்னு நீங்களே சொல்லுவீங்க."

"என் துண்டு மேல உனக்கு என்ன கோபம்? என் பொண்ணு பிறந்த வருஷம் எழுதினது மாஷிமா. இத்தனை வருஷத்துல ஒரு நாள் மக்கர் பண்ணலை."

"அதுமேல குறை இல்ல ஸார். அது கூட்டிட்டு வர்ற ஆள்தான் குறை. அரைக்கறதுக்கு முன்னால எழுதினதக் குடுங்க, புதுசா அரைச்சுத் தரேன்."

தாஸ்பாபு கையை விரித்தார். எழுதி வைத்திருந்த பிளாப்பி எல்லாம் பூஞ்சை பிடித்துப் போய்விட்டதாம். பத்து மழைக்காலம் பார்த்த பிளாப்பி வேறு எப்படி இருக்கும்? இப்போது அவரிடமும் பொடிதான் இருக்கிறது, மல்லி மிளகாய் இல்லை.

"அதனாலதான் மாஷிமா, நீங்க சொல்லுங்க."

தாஸ்பாபு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். பட்டாணி தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

என் வாயில் என்ன இருந்தது தெரியுமா? 'இருக்கட்டுமேம்மா' என்பதுதான். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பெங்களூர், முத்துலெட்சுமி, ராகிக் களி... எல்லாம் கண் முன்னால் வந்து போனது.

அப்போது ஒன்று கவனித்தேன். சுதேஷ்ணா என்னைப் பார்க்கவே இல்லை. 'எனக்காகப் பேசுங்கள்' என்று ஒரு பார்வை? ஜாடை? ஒன்றும் இல்லை. என்னை இக்கட்டில் வைக்கக்கூடாது என்று பட்டாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "கணக்கு அவளோடது. எனக்கு மீனுக்கு உப்புப் புளி பாக்கத்தான் தெரியும். சாப்பிட்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான். நாற்பது வருஷத்தில் வெளி ஆண் ஒருவரிடம் நான் பேசிய நீளமான வங்காளி அதுவாகத்தான் இருக்கும்.

தாஸ்பாபுவுக்கு என் பேச்சில் முதல் பாதி காதில் விழுந்ததா தெரியவில்லை. "புளியா?" என்றார். "இலிஷுக்கா?"

கடுகு அரைத்து ஊற்றி அவிக்க வேண்டிய மீனை நான் தேங்காய் அரைத்துப் புளிக்குழம்பு வைத்துவிட்டேன். தட்டைப் பார்த்து, "சர்வநாசம்" என்று தலையில் கை வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். குழம்புச் சட்டி பக்கம் தட்டை நகர்த்தினார்.

மூன்றாவது துண்டு சாப்பிடும்போது சமாதானத்துக்கு வந்தார். "சரி. செஞ்சு பாரு. புதன்கிழமை காலையில முடியலைன்னா பழையபடி அந்த வரிதான்."

"முடியலைன்னா வரிய எடுத்துட்டு, 'கணக்கு இன்னும் தயாராகலை'ன்னு கமிட்டிகிட்ட நானே சொல்லிருவேன் ஸார்."

தாஸ்பாபுவின் கை பாதி வழியில் நின்றது. அப்புறம் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "மாஷிமா, முள் ஜாஸ்தி இந்த மீன்ல" என்றார்.

திங்களும் செவ்வாயும் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினாள். மத்தியானம் லோட்ஷெடிங் ஆகிவிட்டால் காகிதத்தில் எழுதுவாள். கரண்ட் வந்ததும் தட்டுவாள். நான் கிட்டே போகவில்லை. டீயை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

புதன்கிழமை இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பினேன். போன் வரவில்லை. புடைத்த அரிசியை மறுபடி புடைத்தேன். சாயங்காலம் வந்தாள். கையில் சந்தேஷ் டப்பா இல்லை.

"என்னட்டி ஆச்சு?"

"பசிக்குது அத்தே."

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். துண்டு அன்று காலையில்தான் முடிந்ததாம். எல்லாவற்றையும் புது லைப்ரரியோடு கட்டி, 'பரவாயில்லை' வரியை எடுத்துவிட்டு ஓட்டினாள். மெஷின் ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை. எட்டு ஆள், ஒரே மேஸ்திரி. கமிட்டி எதிரிலேயே ஓட்டிக் காட்டிவிட்டு, அதே கணக்கை மறுபடி ஓட்டினாளாம். கமிட்டிப் பெரியவர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒரு தரம் போதாதாம்மா?" என்றாராம்.

"ரெண்டு தரமும் ஒண்ணையே சொல்லுதான்னு பாக்கணும் ஸார்."

சொன்னது. ஒரு எழுத்து மாறாமல் சொன்னது.

அப்போது அந்தப் பெரியவர் தன் பையிலிருந்து தாஸ்பாபு முன்பு அனுப்பிய விடையை எடுத்தாராம். "இதுல கார்டன் ரீச்சுக்கு வேற உயரம் இருக்கே. எது சரி?"

"அது தப்பு ஸார். நாங்கதான் அனுப்பினோம்."

கேட்டீர்களா? 'அவர் அனுப்பினார்' என்று சொல்லவில்லை. 'நாங்க' என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாஸ்பாபு அதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று, "என் பழைய துண்டால வந்தது. இவ சொல்லச் சொல்ல நான்தான் கேக்கலை" என்றாராம்.

எனக்கு அவர் மேல் இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் போய்விட்டது. இன்னொரு துண்டு மீன் கூடுதலாகப் போட்டிருக்கலாம்.

"அப்ப கமிட்டி என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல அத்தே. வர்ற அமாவாசைக்குப் பான் வரும்லா. அன்னைக்குப் படித்துறைல நின்னு பாத்துட்டு முடிவு சொல்லுதோம்னுட்டாங்க."

ஆக, தீர்ப்பு ஆற்றின் கையில்.

ஆவணி அமாவாசை. மழை விட்டிருந்தது. நானும் முத்துலெட்சுமியும் போனோம். நான் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். தாஸ்பாபு குடையோடு நின்றார். கமிட்டிப் பெரியவர் மேல் படியில் கையில் கடிகாரத்தோடு நின்றார். சுதேஷ்ணா சாக்கட்டியால் ஒரு படியில் கோடு போட்டிருந்தாள். அலை கடந்து போன பிறகு தண்ணீர் வந்து நிற்க வேண்டிய படி.

படகை நட்டாற்றுக்குத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு கிழட்டுப் படகுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "தீதி, கங்கைக்கே கோடு போட்டு வச்சிருக்கீங்களா? தாண்டாதேன்னு சொல்லியாச்சா?"

"தாண்டாது அண்ணே" என்றாள். கையிலிருந்த சாக்கட்டியை நொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தெரியும்.

முதலில் சத்தம்தான் வந்தது. தூரத்தில் லாரி வருகிற மாதிரி. அப்புறம் வளைவில் ஒரு வெள்ளைக் கோடு. "பான்! பான் ஆஷ்சே!" என்று கரை முழுக்கக் கூவினார்கள். நட்டாற்றுப் படகுகள் எல்லாம் ஒரு தரம் எழும்பி இறங்கின. படித்துறையில் தண்ணீர் மோதி, தெறித்து, பின்வாங்கி, திரும்ப ஏறி... ஒவ்வொரு படியாக முழுகிக்கொண்டு வந்தது. என் கையை முத்துலெட்சுமி பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

கோட்டுக்குக் கீழ்ப்படி முழுகியது. கோடு போட்ட படி நனைந்தது. சாக்கட்டிக் கோடு பாதி கரைந்தது.

அங்கேயே நின்றது.

தாஸ்பாபு குடையைக் கீழே போட்டுவிட்டார். "ஆமாதேர் மேயே!" என்று அங்கே நின்ற எல்லாரிடமும் சொன்னார். நம்ம பெண்ணாம். கமிட்டிப் பெரியவர் படியைக் குனிந்து பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தாஸ்பாபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நடக்கட்டும். வேலை இங்கேயே நடக்கட்டும்" என்றார்.

கிழட்டுப் படகுக்காரர் படகைத் திருப்பிக் கொண்டுவந்து, நனைந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் வீட்டுப் பொண்ணு இது?" என்று கேட்டார்.

கூட்டத்தில் நான் பேசினேன் என்றால் நம்புவீர்களா? "என் வீட்டுப் பொண்ணு" என்றேன். வங்காளியில். சத்தமாக. முத்துலெட்சுமியே திரும்பிப் பார்த்தாள்.

சரி, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்களே, சுதேஷ்ணா எங்கே என்று தேடினேன். கீழ்ப்படியில், முகம் சுண்டிப்போய், அந்தப் படகுக்காரரிடம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கிட்டே போனதும் காதில் விழுந்தது. "உயரம் சரியா வந்துட்டு அண்ணே. நேரம்தான் நான் சொன்னதுக்கு நாலு நிமிஷம் முந்தி வந்துட்டு. மன்னிச்சிருங்க. அடுத்த தரம் சரி பண்ணிருதேன்." கடைசி வாக்கியம் பதற்றத்தில் தமிழிலேயே வந்திருந்தது. அவர் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே பெங்களூர்க்காரர்களுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டு, அந்த நாலு நிமிஷத்தைத் தேட உட்கார்ந்துவிட்டாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கங்கை அவசரப்பட்டு வந்ததற்காகப் படகுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிற மருமகள் உங்களில் யார் வீட்டிலாவது இருக்கிறாளா? இருந்தால் எழுதுங்கள்... நான் நம்பமாட்டேன்.